குசினிக்குள் திருவலைக்கு எங்கே இடம்?

வாசகர் கேள்வி பதில்

போன இதழில் வீடு திருத்துவது பற்றி எதையும் கேளுங்கள் என்று எழுதியிருந்தேன். கூரை ஒழுகுவதும் மதில் வெடிப்பதும்தான் வரும் என்று பார்த்தால், வந்த கடிதங்களில் முக்கால்வாசி குசினி. அதனால் இந்த முறை முழுக்கக் குசினிதான். முதல் கடிதத்துக்கு நீளமாகவே எழுதியிருக்கிறேன், மற்றவர்கள் கேட்டதில் பாதி அதற்குள் இருக்கிறது.

கேள்வி: அம்மா எனக்குச் சீதனமாகத் தந்த வீட்டில் இருக்கிறோம். அம்மாவும் அப்பாவும் அதே வளவில் பின்னால் சின்னதாக ஒரு வீடு போட்டுக்கொண்டு இருக்கிறார்கள். குசினி பத்தடிக்கு ஒன்பதடி. எனக்குச் சமையல் என்றால் உயிர்; வேலை முடிந்து வந்தும் அடுப்படியில்தான் நிற்பேன், ஞாயிற்றுக்கிழமை என்றால் சொந்தக்காரர் பத்துப் பேராவது சாப்பிட வருவார்கள். குசினிக்கென்று கணவர் கட்டாரிலிருந்து ஆறு இலட்சம் அனுப்பியிருக்கிறார். பான்ட்ரி அடிக்கும் ஒருவர் வந்து அளந்து, மேலும் கீழும் வெள்ளைக் கபட், சுற்றிவர ஒரே மட்டத்தில் கிரனைட் என்று கம்ப்யூட்டரில் படம் போட்டுக் காட்டினார். பார்க்க நல்ல வடிவு. ஆனால் பின்னால் இருக்கிற விறகடுப்பை உடைக்க விடமாட்டேன் என்று அம்மா நிற்கிறார். என்ன செய்யலாம்?
வாசகி, கல்லடி

பதில்: தங்கச்சி, அந்தப் படத்தை ஒருக்கால் திரும்ப எடுத்துப் பாருங்கள். அதில் திருவலை எங்கே இருக்கிறது?

காலையில் பிட்டுக்குத் தேங்காய்ப்பூ, மத்தியானம் கறிக்குப் பால், சொதிக்குப் பால், சம்பலுக்குப் பூ. ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர் வந்தால் ஐந்தாறு தேங்காய் உடைக்காமல் உங்கள் சமையல் முடியுமா? தேங்காய் உடைத்து, திருவி, பிழிந்து, சக்கையைக் கொட்டுகிற இந்த வேலைக்கு அந்தப் படத்தில் ஒரு சாண் இடம்கூட இருக்காது. பான்ட்ரிக்காரரைக் குறை சொல்லவில்லை. அவருக்குக் கற்றுக்கொடுத்த கணக்கு வேறு. அடுப்பு, சிங்க், ஃபிரிட்ஜ் மூன்றும் ஒரு முக்கோணமாக அமைய வேண்டும், மூன்று பக்கமும் கூட்டினால் 13 அடிக்கும் 26 அடிக்கும் இடையில் வரவேண்டும் என்று ஒரு விதி உண்டு. 1940களில் அமெரிக்காவில், இலினோய் பல்கலைக்கழகத்தில் வகுத்தது. நல்ல விதிதான். ஆனால் அது ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து, கழுவி, அடுப்பில் வைக்கிற சமையலுக்குப் போட்டது. நம் குசினியில் நாலாவது மூலை ஒன்று இருக்கிறது, தேங்காய் மூலை. ஐந்தாவதாக மீன் வெட்டும் இடம், அது வெளியே கிணற்றடிப் பக்கம்.

ஆகவே எதையும் உடைக்குமுன் மூன்று நாள் பாருங்கள். அதில் ஒன்று ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும். ஒரு வெண்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, சமைக்கும்போது எங்கெல்லாம் திரும்பி நடக்கிறீர்களோ அங்கெல்லாம் நிலத்தில் ஒரு கோடு போடுங்கள். என் குசினியைத் திருத்துமுன் நான் இதைச் செய்தேன். அதிகம் கோடு விழுந்தது அடுப்புக்கும் உப்புப் போத்தலுக்கும் இடையில். ஆறடி. உப்பும் தூளும் இருந்த தட்டு அடுப்புக்கு எதிர்ச் சுவரில் இருந்தது, இருபது வருடமாக ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை அங்கே போய் வந்திருக்கிறேன். அதை மாற்ற ஒரு பலகையும் நாலு ஆணியும்தான் தேவைப்பட்டது. உங்கள் நிலத்தில் எங்கே கோடு விழுகிறது என்று தெரிந்தபிறகு பான்ட்ரிக்காரரைக் கூப்பிடுங்கள், அப்போது படத்தை நீங்கள் சொல்ல அவர் போடுவார்.

அடுத்தது உயரம். இதில்தான் ஆட்கள் காலம் முழுக்கக் கஷ்டப்படுகிறார்கள். வெளிநாட்டு அளவு 36 அங்குலம், எனக்கும் முதல்முறை அதே அளவில்தான் கட்டினார்கள், நானும் வாய் திறக்கவில்லை. நான் ஐந்தடி ஓரங்குலம். தோளைத் தூக்கிக்கொண்டு வெங்காயம் வெட்டி, இரவானால் பிடரி இழுத்துப் பிடிக்கும். கடைசியில் நிலத்தில் ஒரு பலகை போட்டு அதன்மேல் நின்று இரண்டு வருடம் சமைத்தேன், பிறகு காசு சேர்த்து உடைத்துத் திரும்பக் கட்டினேன். உங்களுக்கு அது வேண்டாம். நிமிர்ந்து நின்று கையை மடக்குங்கள், நிலத்திலிருந்து முழங்கை வரை அளவுநாடா பிடிக்கச் சொல்லுங்கள், அதிலிருந்து நாலு முதல் ஆறு அங்குலம் கழியுங்கள். வெட்டும் மேடையின் உயரம் அதுதான். என் உயரக்காரருக்கு முழங்கை 38 அங்குலத்தை ஒட்டி வரும், ஆக மேடை 32, 33. அடுப்பு வைக்கும் மேடை அதைவிட நாலைந்து அங்குலம் தாழ்வாக இருக்கவேண்டும், ஏனென்றால் காஸ் குக்கரே நாலைந்து அங்குலம் உயரம், அதன்மேல் சட்டி ஏறும். சட்டிக்குள் எட்டிப் பார்த்துத் துழாவவேண்டி வந்தால் ஆவி முழுக்க முகத்தில்தான் அடிக்கும். ஒரே மட்டத்தில் கிரனைட் ஓடுவது வடிவுதான், ஆனால் சமைப்பவருக்கு இரண்டு மட்டம் வேண்டும். அம்மாவும் இங்கே சமைப்பார் என்றால் அம்மாவின் முழங்கையையும் அளந்து இரண்டுக்கும் நடுவில் வையுங்கள்.

இனித் தேங்காய் மூலை. நிலத்தில் பலகைத் திருவலையில் இருந்து திருவுகிறவர் என்றால் கதவுப் பக்கம் மூன்றடிக்கு மூன்றடி நிலத்தை வெறுமையாக விடுங்கள், கபட் அங்கே வரக்கூடாது. கைபிடி சுற்றுகிற திருவலை என்றால் அதை மேடை விளிம்பில் திருகித்தான் பூட்டவேண்டும், இங்கேதான் கிரனைட் காலை வாரும். பார்வைக்குத் தடிப்பாகத் தெரியட்டும் என்று விளிம்பில் இரண்டு கல்லை ஒட்டி உருட்டி விடுவார்கள், அந்தத் தடிப்பில் திருவலையின் வாய் ஏறாது. ஏறினாலும் நீட்டி நிற்கிற கல்லில் தினமும் அழுத்திச் சுற்றினால் ஒரு நாள் வெடிக்கும். சிங்குக்குப் பக்கத்தில் இரண்டடி நீளத்துக்குக் கல்லை நிறுத்திவிட்டு, அங்கே ஓர் அங்குல முதிரைப் பலகை போடச் சொல்லுங்கள், கீழே தாங்குகிற கட்டைவிட மூன்று அங்குலம் முன்னால் நீட்டி, மற்ற மேடையைவிட நாலு அங்குலம் தாழ்வாக. திருவும்போது கைபிடி நெஞ்சுக்கு நேரே வராமல் வயிற்றுக்கு நேரே வரும், தோள் நோகாது. அதே பலகையில் ரொட்டிக்கு மா குழைக்கலாம், இடியப்பம் பிழியலாம், அந்த வேலைகளுக்கும் தாழ்வான மேடைதான் நல்லது. கீழே கதவில்லாமல் விட்டு, தேங்காயைக் காற்றோட்டமாக அடுக்குங்கள். சிரட்டைக்கு ஒரு சாக்கு.

சிங்க் விஷயத்தில் இரண்டு தொட்டி வேண்டாம். பத்துப் பேருக்குச் சோறு வடித்த பானை அதில் எதற்குள்ளும் இறங்காது. எட்டு அங்குலத்துக்குக் குறையாத ஆழத்தில், இரண்டடி அகலத்தில் ஒரே தொட்டி போதும். மீனை வெளியே கழுவுங்கள், செதில் சிங்க் குழாய்க்குள் போனால் மணம் போகவே போகாது. குசினித் தண்ணீர் போகிற பக்கத்தையும் பாருங்கள், கல்லடி முழுக்க மணல் நிலம், கொட்டியது அப்படியே இறங்கிக் கிணற்றுக்குப் போய்ச் சேரும். கிணற்றுக்கு எதிர்ப்பக்கம் வாழையடிக்கு விடுங்கள்.

உங்கள் வீடு கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிறது, அதை மறந்து கபட் அடிக்கக்கூடாது. வெளியூரில் பத்து வருடம் இருக்கிற பிணைச்சல் இங்கே இரண்டு மாரியில் கறல் பிடித்துக் கதவைத் தொங்கவிடும். ஸ்டீல் வாங்கினால் 304 என்ற தரத்தைக் கேட்டு வாங்குங்கள், 202 என்று வருவது விலை குறைவு, நிக்கலும் குறைவு, உப்புக்காற்றில் புள்ளி புள்ளியாகக் கறல் எழும்பும். மரத்தூளை அமத்திச் செய்த மெலமைன் பலகை ஒரு முறை தண்ணீர் குடித்தால் பாண்போல ஊதிவிடும், அதைச் சிங்குக்குக் கீழே ஒருபோதும் போடவேண்டாம். கீழ்ப்பகுதியைக் கல்லால் கட்டி, கொங்கிறீற் தட்டு வைத்து, அலுமினியக் கதவு மட்டும் போடுங்கள் என்றுதான் நான் எல்லோருக்கும் சொல்கிறேன். மாரியில் வெள்ளம் வந்து குசினிக்குள் அரை அடி நின்றாலும் கழுவித் துடைத்துவிட்டு மறுநாள் சமைக்கலாம். மேல்மேடைக்குக் கிரனைட் நல்லதுதான், புளியும் தேசிக்காயும் பட்டாலும் ஒன்றும் ஆகாது. மாபிள் வேண்டாம், புளி பட்ட இடம் அரித்து மங்கிவிடும்.

கரண்ட் வேலையைக் கபட்டுக்கு முன் முடியுங்கள். இன்டக்சன் அடுப்பு 2000 வாட்ஸ், கேத்தலும் ஏறக்குறைய அவ்வளவு. இரண்டையும் ஒரே லைனில் ஒன்றாகப் போட்டால் நம் 230 வோல்ட்டில் 17 அம்பியருக்கு மேல் இழுக்கும். ஆகவே குசினிக்குப் பெட்டியிலிருந்து தனி லைன், முடிந்தால் இரண்டு. ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் டெஸ்ட் பொத்தானை அமத்திப் பாருங்கள், ஈரக் கையோடு நிற்கிற இடமல்லவா. இன்னொன்று, முகட்டில் நடுவில் ஒரு பல்ப் மட்டும் போட்டால் வெட்டுகிற பலகையில் உங்கள் நிழல்தான் விழும். மேல்கபட்டின் அடியில் சுவரோடு ஒரு சின்ன டியூப் போடுங்கள். இரவில் நெத்தலி துப்பரவாக்கிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இப்போது அம்மாவின் விறகடுப்பு. அம்மா சொல்வதுதான் சரி. 2022 இல் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற நாட்களை நீங்களும் மறந்திருக்கமாட்டீர்கள், அந்த வருடம் பின்னால் அடுப்பு இருந்த வீடுகளில் நேரத்துக்குச் சோறு இருந்தது. அதற்காக மட்டும் சொல்லவில்லை. மண்சட்டியில் இறால் கறி, நண்டு, கருவாடு சுடுவது, பத்துப் பேருக்குச் சோறு, இதெல்லாம் வெளியே நடந்தால் உள்ளே உங்கள் வெள்ளைக் கபட் வெள்ளையாகவே இருக்கும். ஆனால் இப்போது இருக்கிறபடி வேண்டாம், அம்மாவின் கண்ணையும் நெஞ்சையும் பாருங்கள். வீட்டுக்குள் அடுப்புப் புகையால் உலகத்தில் 2020 இல் மட்டும் 32 இலட்சம் பேர் செத்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. அடுப்பை மேடையில் ஏற்றுங்கள், அம்மா குந்தியிருந்து ஊதவேண்டாம். கடையில் 'அனகி' என்று விற்கிற இரட்டை வாய் மண் அடுப்பை வைத்துக் களிமண் பூசினால் ஒரே விறகில் முன்னால் சோறும் பின்னால் கறியுமாக இரண்டு சட்டி ஏறும், விறகும் குறையும். மேற்குப் பக்கம் இடுப்புக்கு மேல் வரை சுவர் கட்டுங்கள், ஆடி ஆவணியில் கச்சான் காற்று அடித்தால் நெருப்பு அடுப்புக்குள் நிற்காது. வடக்கும் கிழக்கும் திறந்திருக்கட்டும், ஆனால் கூரையை இரண்டடி கூட நீட்டிவிடுங்கள், மாரிமழை அந்தப் பக்கத்தால்தான் சரிந்து அடிக்கும்.

காசு? முதலில் தண்ணீர்க் குழாய், கரண்ட், யன்னல். பிறகு மேடையும் சிங்கும். பிறகு பின் அடுப்படி. மிச்சமிருந்தால் கீழ்க் கதவுகள். மேல்கபட் ஒரு வருடம் பொறுக்கட்டும். அதற்குள் எதை எங்கே வைக்க ஆசைப்படுகிறீர்கள் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். தூள் போத்தல்களை மட்டும் அடுப்புக்கு நேர் மேலே வைக்காதீர்கள், சூட்டிலும் ஆவியிலும் நிறமும் மணமும் போய்விடும். அடுப்புக்குப் பக்கச் சுவரில், கை நீட்டினால் எட்டுகிற இடத்தில் ஒரு தட்டு.

கேள்வி: காஸ் சிலிண்டரைக் கபட்டுக்குள் மறைத்து வைக்கலாமா, வெளியே வைக்கவேண்டுமா?
வாசகி, அக்கரைப்பற்று

பதில்: வெளியே வைக்க முடிந்தால் வெளியே, நிழலில், நிமிர்த்தி. 2021 கடைசியில் நாடு முழுக்க நடந்த காஸ் வெடிப்புகளுக்குப் பிறகு இந்தக் கேள்வி வராத வாரம் இல்லை. நாம் பாவிக்கிற காஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் மேலே போகாமல் தண்ணீர் மாதிரிக் கீழே இறங்கி நிலத்தோடு தேங்கி நிற்கும். அதனால் மேலே யன்னல் திறந்திருக்கிறது என்று நம்பி இருக்கக்கூடாது. கபட்டுக்குள்தான் வைக்கவேண்டும் என்றால் கதவின் அடியில் உள்ளங்கையளவு இரண்டு துவாரம் வெட்டுங்கள், அதே கபட்டுக்குள் பிளக் எதுவும் வேண்டாம். ரப்பர் குழாய் ஒன்றரை மீற்றருக்கு மேல் வேண்டாம், சுவரைத் துளைத்துக்கொண்டு போகவேண்டிய இடத்தில் ரப்பரை விடாமல் உலோகக் குழாய் போடுங்கள். குழாயை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், வெடிப்புத் தெரிந்தால் அன்றைக்கே. சிலிண்டர் மாற்றுகிற ஒவ்வொரு முறையும் சவர்க்கார நுரையைப் பூட்டிலும் குழாயிலும் பூசிப் பாருங்கள், கொப்புளம் வந்தால் கசிகிறது. நெருப்புக்குச்சி பிடித்துப் பார்க்கிற பழக்கம் சிலரிடம் இன்னும் இருக்கிறது, தயவுசெய்து அதை விடுங்கள். இரவில் மணம் வந்தால் லைட் சுவிட்சைத் தொடாமல் கதவைத் திறந்துவிட்டு வெளியே போங்கள், சுவிட்சில் வருகிற பொறி போதும்.

கேள்வி: எங்கள் வீட்டில் பெரிய சமையல் எல்லாம் என் கையால்தான். நோன்பு காலத்தில் அயலுக்கும் சேர்த்து ஐம்பது பேருக்குக் கஞ்சி, பெருநாளுக்குப் புரியாணி. இப்போது குசினி மேடையில் வைத்துக் கிண்டி முதுகு போய்விட்டது. புதுக் குசினியில் பெரிய கிடாரத்துக்கு எப்படி இடம் வைப்பது?
வாசகர், காத்தான்குடி

பதில்: காக்கா, கிடாரத்தைக் குசினிக்குள் கொண்டுபோகவே வேண்டாம். பெரிய பர்னர் வெளிக்குரியது, அந்தச் சூடும் நெருப்பும் மூடிய அறைக்குள் ஆபத்து. பின் விறாந்தையில் ஒரு தாழ்ந்த மேடை கட்டுங்கள். கணக்கு இப்படி: கிடாரத்தின் வாய் உங்கள் தொப்புளுக்குக் கீழே நிற்கவேண்டும், அப்போதுதான் அகப்பையை முழு உடம்பாலும் தள்ளிக் கிண்டலாம், தோளால் கிண்டத் தேவையில்லை. கிடாரம் பதினாறு அங்குலம், பர்னர் கால் எட்டு அங்குலம் என்றால் மேடைக்கு மிஞ்சுவது பத்துப் பன்னிரண்டு அங்குலம்தான். நாலு கல் வரி. மேடையைச் சுற்றி மூன்று பக்கம் நடக்கிற மாதிரி விடுங்கள், ஒரே பக்கத்தில் நின்று கிண்டினால் மறுபக்கம் அடிப்பிடிக்கும்.

முதுகு போவது கிண்டுவதால் மட்டும் இல்லை. நாற்பது லீற்றர் கஞ்சி என்றால் நாற்பது கிலோவுக்கு மேல், அதைத் தூக்கி இறக்குவதுதான் ஆளைக் கொல்வது. ஆகவே தூக்காத மாதிரி அமையுங்கள். கிடாரத்துக்கு மேலே நீட்டி நிற்கிற ஒரு தண்ணீர்ப் பைப், அடியில் கழுவின தண்ணீர் ஓட ஒரு கான், பக்கத்தில் அதே உயரத்தில் வாளிகள் வைக்க ஒரு கட்டு. தண்ணீர் மேலிருந்து வரும், கஞ்சி அகப்பையால் வாளிக்குப் போகும், கழுவுவதும் வைத்த இடத்திலேயே. வருடத்தில் ஒரு மாதம்தானே என்று யோசிக்கவேண்டாம், மற்ற நாளில் நெல் அவிக்க, உடுப்பு அவிக்க, மீன் கழுவ வீட்டில் எல்லோருக்கும் அந்த மேடை உதவும்.

கேள்வி: குசினி நிலத்துக்கு மினுங்குகிற பெரிய டைல்ஸ் போடலாமா? சுத்தம் செய்வது சுகம் என்கிறார்கள்.
வாசகி, காரைதீவு

பதில்: வேண்டாம். எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்து விழுகிற இடத்தில் மினுங்கும் டைல்ஸ் வழுக்கும், வயதானவர்கள் இருக்கிற வீட்டில் இடுப்பெலும்புதான் விலை. மங்கலான, காலுக்குச் சற்றுச் சொரசொரப்பான சின்ன டைல்ஸ் எடுங்கள். மஞ்சள் கறை தெரியாத நிறத்தில். வாங்குமுன் கடையில் ஒரு டைலை நனைத்துவிட்டு வெறுங்காலால் ஏறி நின்று பாருங்கள், விடுவார்கள்.

கேள்வி: வாடகை வீடு. சமைக்க ஆசை, ஆனால் ஒரு ஆணிகூட அடிக்கக்கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். மேடையும் எனக்கு உயரம் கூட. எனக்கு ஏதாவது வழி?
வாசகி, செங்கலடி

பதில்: இருக்கிறது, மகள். ஒரு ஓடாவியிடம் சொல்லி உங்கள் முழங்கை அளவுக்கு நாலடி நீளத்தில் ஒரு மரமேசை செய்யுங்கள், மேல்பலகை ஓர் அங்குலம், விளிம்பு நீட்டி, திருவலை பூட்டுகிற மாதிரி. கீழே இரண்டு தட்டு. கால் நாலுக்கும் அடியில் ரப்பர். அதையே அடுப்புக்குப் பக்கத்தில் போட்டு எல்லா வேலையும் அதில் செய்யுங்கள், வீட்டுக்காரரின் மேடையில் பானையைக் கவிழ்த்து வைக்கலாம். வீடு மாறும்போது மேசையும் உங்களோடு லொறியில் ஏறும், ஆகவே செய்யும்போதே வாசல் அகலத்தை அளந்து செய்யச் சொல்லுங்கள்.